சாய்வும் ஆதாரமும்: ஒரு செய்தியை எடைபோடுவது எப்படி?

ஒரு செய்தி நமக்குப் பிடிக்கவில்லை என்றால் சட்டென்று வாயில் வருவது ‘அந்தச் சேனல் அந்தக் கட்சியோட ஊதுகுழல்’ என்பதுதான். பெரும்பாலும் பேச்சு அதோடு முடிந்துவிடும். சொன்ன விஷயம் உண்மையா, யார் சொன்னது, அவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்விகளுக்கு யாரும் போவதில்லை. செய்தி வெளியிட்டவர்களும் ‘எங்களைக் குறை சொல்பவர்களுக்கு அரசியல் உள்நோக்கம் இருக்கிறது’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார்கள். ஆளாளுக்கு எதிராளியின் மனசைப் படித்துக்கொண்டிருக்க, செய்தியை யாரும் படிப்பதில்லை.

உண்மையில் இங்கே இருப்பவை இரண்டு தனித்தனிக் குற்றச்சாட்டுகள். ஒன்று, சார்பு: செய்தியாளருக்கோ நிறுவனத்துக்கோ ஒரு பக்கம் சாய்வு இருக்கிறது, அதனால்தான் இப்படி எழுதினார்கள் என்பது. இன்னொன்று, ஆதாரம் போதவில்லை என்பது: எழுதியதைத் தாங்கிப் பிடிக்கும் ஆவணமோ சாட்சியோ பலவீனம். முதலாவது எழுதியவரின் மனம் பற்றியது. இரண்டாவது அவர் செய்த வேலை பற்றியது. மனதைத் திறந்து பார்க்க வழியில்லை. வேலையைப் பார்க்கலாம், படிப்படியாகச் சோதிக்கலாம். அதனால் எப்போதும் ஆதாரத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி. சார்பு இருந்தால் அதன் தடமும் அங்கேதான் கிடைக்கும்.

இதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் 2004இல் நடந்த ஒரு விவகாரத்தைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

அந்த ஆண்டு நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தல். பதவியில் இருந்த குடியரசுக் கட்சியின் ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷும் ஜனநாயகக் கட்சியின் ஜான் கெர்ரியும் மோதினார்கள். வியட்நாம் போர் நடந்துகொண்டிருந்த காலத்தில் புஷ் டெக்சாஸ் மாநில விமானத் தேசியக் காவல் படையில் (பகுதிநேர ரிசர்வ் படை) சேர்ந்திருந்தார். அங்கே தன் கடமையை அவர் ஒழுங்காக முடித்தாரா என்ற கேள்வி பல ஆண்டுகளாகவே உலவிக்கொண்டிருந்தது. செப்டம்பர் 8 இரவு, சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ புதன்கிழமைப் பதிப்பில், அந்தச் சேனலின் மாலைச் செய்தியை வழங்கிவந்த டான் ராதர் சில குறிப்புகளைக் காட்டினார். புஷ்ஷின் மேலதிகாரியாக இருந்த லெப்டினென்ட் கர்னல் ஜெர்ரி கில்லியன் 1972, 1973 ஆண்டுகளில் எழுதியவை என்று அவை சொல்லப்பட்டன. விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனைக்குப் போகச் சொல்லி உத்தரவிட்டும் புஷ் போகவில்லை, அவரைப் பற்றி நல்லவிதமாக எழுதச் சொல்லி மேலிடத்திலிருந்து அழுத்தம் வருகிறது என்பதுதான் சாரம். கில்லியன் 1984இலேயே இறந்துவிட்டார். கேட்டுத் தெரிந்துகொள்ள வழியில்லை.

குறிப்புகளைக் கொடுத்தவர் பில் பர்க்கெட் என்ற ஓய்வுபெற்ற தேசியக் காவல் படை அதிகாரி. புஷ்ஷின் ராணுவக் கோப்புகளிலிருந்து சிலவற்றை எடுத்துவிட்டார்கள் என்று ஏற்கெனவே வெளிப்படையாகக் குற்றம் சாட்டியவர். நிகழ்ச்சித் தயாரிப்பாளர் மேரி மேப்ஸிடம் அவர் முதல் இரண்டு தாள்களைக் கொடுத்தது செப்டம்பர் 2 அன்று. மீதி நான்கும் வந்து சேர்ந்தது 5ஆம் தேதி. 8ஆம் தேதி ஒளிபரப்பு. ஆறே நாள்.

இந்த ஆறு நாளில் என்ன சரிபார்த்தார்கள்? இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

கையில் இருந்தவை அசல் அல்ல, நகல்கள். ஓர் ஆவணம் அசலாக இருந்தால் தாளின் வயதைப் பார்க்கலாம், மையைப் பார்க்கலாம், தட்டச்சு எழுத்து தாளில் பதிந்த அழுத்தத்தைப் பார்க்கலாம். நகலில் இவை எதுவும் இல்லை. வேறொரு கடிதத்திலிருந்த கையெழுத்தை வெட்டி ஒட்டி நகல் எடுத்திருந்தாலும் தெரியாது. சிபிஎஸ் நான்கு நிபுணர்களை அணுகியது. அவர்களில் இருவர் ஒளிபரப்புக்கு முன்பே சந்தேகங்களைச் சொன்னார்கள். ஒருவர் மட்டும் கையெழுத்து கில்லியனுடையதாக இருக்கலாம் என்றார். அதுவும் கையெழுத்தைப் பற்றி மட்டும், தாளைப் பற்றி அல்ல. நிகழ்ச்சியில் நேயர்கள் கேட்டதோ, நிபுணர் ஒருவர் இந்த ஆவணங்கள் உண்மையானவை என்று நம்புகிறார் என்பது. ‘கையெழுத்து ஒத்துப்போகிறது’ என்பதற்கும் ‘ஆவணம் உண்மை’ என்பதற்கும் இடையே எவ்வளவு தூரம் பாருங்கள். அந்தத் தூரத்தை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டார்கள்.

அடுத்தது, கில்லியனுக்கு மேலதிகாரியாக இருந்த பாபி ஹாட்ஜஸ். அவரிடம் தாள்களைக் காட்டவில்லை. தொலைபேசியில் வாசித்துக் காட்டினார்கள். அவர் மறுக்கவில்லை என்பதால் உறுதிசெய்துவிட்டார் என்று கணக்கில் சேர்த்தார்கள். பின்னர் தாள்களை நேரில் பார்த்தபோது, இவை போலி என்றுதான் நினைக்கிறேன் என்றார். கில்லியன் அப்படி எழுதியிருந்தால் அதுதான் அவர் நினைப்பாக இருந்திருக்கும் என்ற அர்த்தத்தில்தான் தொலைபேசியில் பேசியதாகவும் விளக்கினார்.

மூன்றாவது, வெள்ளை மாளிகை. ஒளிபரப்பு நாளன்று காலை குறிப்புகளின் நகல் அதிபரின் செய்தித் தொடர்புப் பொறுப்பாளருக்கு அனுப்பப்பட்டது. அவர் ‘இவை பொய்’ என்று சொல்லவில்லை. சரி, ஒத்துக்கொண்டுவிட்டார்கள் என்று சிபிஎஸ் எடுத்துக்கொண்டது. ஆனால் முப்பது வருடத்துக்கு முந்தைய, தான் பார்த்தே இராத ஒரு காகிதத்தைச் சில மணி நேரத்தில் யாரால் பொய் என்று சொல்ல முடியும்? மறுக்காமல் இருப்பது வேறு, உறுதிசெய்வது வேறு.

இப்போது எண்ணிப் பார்த்தால் நிபுணர், மேலதிகாரி, வெள்ளை மாளிகை என்று மூன்று ஆதாரங்கள் இருப்பதுபோலத் தெரியும். மூவரும் பேசியது அதே தாள்களைப் பற்றி. அந்தத் தாள்களைத் தொடாமல், வேறு வழியில் விஷயத்தை அறிந்த ஒருவரும் இவர்களில் இல்லை. ஓர் ஊற்றிலிருந்து மூன்று குடம் நிரப்பினாலும் ஊற்று ஒன்றுதான். செய்தித் துறையில் ‘சுயேச்சையான உறுதிப்படுத்தல்’ என்று வலியுறுத்துவது இதனால்தான். இரண்டாவது ஆளிடம் கேட்டாயா என்பதோடு கேள்வி முடிவதில்லை. அந்த இரண்டாவது ஆளுக்கு முதல் ஆள் சொல்லாமலே தெரிந்திருந்ததா என்பதே கேள்வி.

ஒளிபரப்பு முடிந்த சில மணி நேரத்திலேயே இணையத்தில் சந்தேகம் கிளம்பியது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனவர்களுக்கு இது உடனே புரியும். சாதாரண டைப்ரைட்டரில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம். ஆங்கிலத்தின் ஒல்லியான ‘ஐ’யும் அகன்ற ‘எம்’மும் ஒரே அளவு இடத்தைப் பிடிக்கும். இந்தக் குறிப்புகளிலோ எழுத்துக்கு ஏற்றபடி இடம் கூடிக் குறைந்திருந்தது, கம்ப்யூட்டரில் அடித்தால் வருவதுபோல. ஒருவர் மைக்ரோசாஃப்ட் வேர்டைத் திறந்து, எந்த அமைப்பையும் மாற்றாமல் அதே வாசகத்தை அடித்துக் குறிப்பின் மேல் வைத்துப் பார்த்தார். வரி முடியும் இடம் உட்பட அப்படியே பொருந்தியது.

அகலம் மாறும் எழுத்துகளை அடிக்கக்கூடிய விலை உயர்ந்த டைப்ரைட்டர்கள் அந்தக் காலத்தில் இருக்கவே செய்தன. அதனால் எழுத்தின் அகலம் ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனால் சந்தேகம் எழுத்தோடு நிற்கவில்லை. 1973 ஆகஸ்ட் 18 என்று தேதியிட்ட குறிப்பில், அழுத்தம் கொடுப்பவராகச் சொல்லப்பட்ட ஜெனரல் அதற்கு முந்தைய ஆண்டே படையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். கில்லியனுக்குச் செயலாளராக வேலை பார்த்த மூதாட்டி, இவற்றைத் தான் அடிக்கவில்லை, ஆனால் விஷயம் சரிதான் என்றார். அவர் சொன்னதில் பாதியை ஒரு தரப்பு எடுத்துக்கொண்டது, மறுபாதியை மறு தரப்பு.

முதலில் சந்தேகத்தைக் கிளப்பியவர்களில் ஒருவர் குடியரசுக் கட்சி வட்டாரங்களோடு தொடர்புள்ள வழக்கறிஞர் என்பது பிறகு வெளியே வந்தது. டான் ராதரும் எதிர்ப்பவர்களில் கட்சிக்காரர்கள் இருக்கிறார்கள் என்று ஆரம்பத்தில் சுட்டிக்காட்டினார். அது உண்மைதான். ஆனால் அதனால் என்ன? வேர்டில் அடித்துப் பார்க்கும் சோதனையை கெர்ரிக்கு ஓட்டுப் போடுகிறவர் செய்தாலும் அதே முடிவுதான் வரும். யார் வேண்டுமானாலும் திரும்பச் செய்து பார்க்கக்கூடிய ஒரு விஷயத்தில், சொல்பவரின் கட்சி எடுபடாது. கண்ணால் பார்க்க முடியாத இடத்தில், ‘என்னை நம்பு’ என்று ஒருவர் கேட்கும் இடத்தில்தான் அவருடைய சார்பு பெரிய விஷயமாகிறது. பர்க்கெட் நின்ற இடம் அதுதான். தாள்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அவர் வாய்ச்சொல் மட்டுமே இருந்தது. முதலில் ஒரு முன்னாள் படை வீரர் பெயரைச் சொன்னார். பிறகு அது பொய் என்று ஒப்புக்கொண்டு வேறொரு பெண்ணின் பெயரைச் சொன்னார். அப்படி ஒருவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. ஆவணம் யார் கையிலிருந்து யார் கைக்கு வந்தது என்ற தொடர்ச்சியை ஒளிபரப்புக்கு முன்பே தேடிப் போயிருந்தால் இது அப்போதே தெரிந்திருக்கும்.

செப்டம்பர் 20 அன்று சிபிஎஸ் மன்னிப்புக் கேட்டது. முன்னாள் அட்டர்னி ஜெனரலும் குடியரசுக் கட்சிக்காரருமான டிக் தார்ன்பர்க், அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் முன்னாள் தலைவர் லூயிஸ் பொக்கார்டி ஆகிய இருவரைக் கொண்ட விசாரணைக் குழுவை நியமித்தது. 2005 ஜனவரி 10 அன்று 224 பக்க அறிக்கை வெளியானது. மேப்ஸ் பணிநீக்கம் செய்யப்பட்டார், மூன்று பேர் ராஜினாமா செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ராதர் அந்த மார்ச் மாதம் மாலைச் செய்தி நாற்காலியை விட்டு விலகினார்.

அரசியல் சார்பு பற்றி அந்த அறிக்கை சொன்னதை நான் முக்கியமாகக் கருதுகிறேன். அரசியல் நோக்கம்தான் இந்தச் செய்தியை நடத்தியது என்ற முடிவுக்கு எங்களால் வர முடியவில்லை என்றது குழு. அதே சமயம் ஒரு செயலைக் கடுமையாகக் கண்டித்தது: கெர்ரியின் பிரசாரக் குழுவில் இருந்த ஜோ லாக்ஹார்ட்டைத் தொடர்புகொண்டு, பர்க்கெட்டுடன் பேசும்படி மேப்ஸ் சொல்லியிருந்தார். ஒரு வேட்பாளரைப் பற்றி விசாரிக்கும் செய்தியாளர், செய்தி தந்தவரை எதிர் வேட்பாளரின் ஆட்களோடு இணைத்துவிடுவது சார்பு இருக்கும் தோற்றத்தையே உண்டாக்கும் என்றது. மற்றபடி அறிக்கையின் பெரும்பகுதி எந்தச் சோதனையைச் செய்யவில்லை, யார் சொன்னதைக் கேட்கவில்லை, ஏன் இவ்வளவு அவசரம் என்பது பற்றியே. ஆவணங்கள் போலி என்றுகூட அது அறுதியிட்டுச் சொல்லவில்லை. உண்மை என்று காட்டும் வேலை நடக்கவில்லை என்று காட்டியது. செய்தியில் நிரூபிக்க வேண்டிய பொறுப்பு சொல்பவருடையது என்பதால் அதுவே போதும்.

வலதுசாரிகள் பலருக்கு இந்த முடிவு ஏமாற்றம். சார்பை மூடி மறைத்துவிட்டார்கள் என்றார்கள். ராதரும் மேப்ஸும் செய்தியின் அடிப்படை உண்மைதான் என்பதை விடவே இல்லை. எனக்குக் குழு நின்ற இடம் சரியென்றே படுகிறது. ஒருவர் மனதில் இருந்தது என்ன என்று தெரியாதபோது தெரியாது என்று சொல்வதுதான் நியாயம். ஆனால் அங்கே நாம் கேட்கக்கூடிய ஒரு கேள்வி உண்டு. இதே நகல்கள், இதேபோல் பழைய பகை உள்ள ஒருவரிடமிருந்து, கெர்ரிக்கு எதிராக வந்திருந்தால் ஆறே நாளில் ஒளிபரப்பியிருப்பார்களா? எந்த இடத்தில் சோதனை வழக்கத்தைவிடத் தளர்ந்தது, அந்தத் தளர்வு யாருக்குச் சாதகம்? ஒரே நிறுவனம் தனக்குப் பிடித்தவர்களையும் பிடிக்காதவர்களையும் பற்றி எழுதிய செய்திகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இதைக் கேட்டுப் பார்க்கலாம். ஒரு செய்தியை மட்டும் வைத்துக்கொண்டு சார்பைப் பற்றி அடித்துப் பேசுவது கஷ்டம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. சிபிஎஸ் நிகழ்ச்சி வந்த அதே செப்டம்பர் 8 அன்று காலை, பாஸ்டன் குளோப் நாளிதழும் புஷ்ஷின் ராணுவப் பணியைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. அவர் தன் கடமையை முழுமையாக நிறைவேற்றவில்லை என்பதே அதன் முடிவும். ஆதாரம்? வெள்ளை மாளிகையே அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியிட்ட ராணுவப் பதிவேடுகள். அவற்றை மறுபடி உட்கார்ந்து படித்து, அவர் கையெழுத்திட்ட உறுதிமொழிகளோடு ஒப்பிட்டு எழுதினார்கள். குறி வைத்த ஆளும் ஒன்று, நாளும் ஒன்று. அந்தச் செய்தியின் காகிதங்களைப் போலி என்று சொல்ல யாராலும் முடியவில்லை. ஆனால் சிபிஎஸ் கிளப்பிய புழுதியில், புஷ் எங்கே போனார் என்ற பேச்சே அடங்கி, எழுத்துரு பற்றிய பேச்சு மட்டுமே மிஞ்சியது. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது. மோசமான ஆதாரத்தோடு வரும் செய்தி, அதே விஷயத்தில் ஒழுங்காக வேலை செய்தவர்களையும் சேர்த்து மூழ்கடித்துவிடுகிறது.

இதுவரை சொன்னதை வைத்து, இடதுசாரிச் சாய்வு இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம். அதற்கு இரண்டு வருடத்துக்கு முன்னால், 2002 செப்டம்பர் 8 அன்று நியூயார்க் டைம்ஸ் தன் முதல் பக்கத்தில், சதாம் ஹுசைன் அணுகுண்டுக்கான பாகங்களைத் தேடுகிறார் என்று எழுதியது. இராக் வாங்க முயன்ற அலுமினியக் குழாய்கள் யுரேனியம் செறிவூட்டும் இயந்திரங்களுக்கு என்று பெயர் சொல்லாத புஷ் அரசு அதிகாரிகள் தெரிவித்தார்கள். அன்றே துணை அதிபர் டிக் செய்னி தொலைக்காட்சியில் தோன்றி, இன்றைய நியூயார்க் டைம்ஸில் பாருங்கள் என்று அதே செய்தியைச் சாட்சிக்கு இழுத்தார். அரசு பெயரில்லாமல் பத்திரிகைக்குச் சொல்கிறது. பத்திரிகை சொல்லிவிட்டது என்று அரசு நாட்டுக்குச் சொல்கிறது. பார்க்கிறவருக்கு இரண்டு பேர் சொல்வதுபோல இருக்கும். அமெரிக்க எரிசக்தித் துறையின் நிபுணர்கள் அந்தக் குழாய்கள் சாதாரண ராக்கெட்டுகளுக்கு என்று கருதினார்கள். அவர்கள் சொன்னதே கடைசியில் சரியென்று ஆனது. லிபரல் பத்திரிகை என்று பெயரெடுத்த நியூயார்க் டைம்ஸ் சறுக்கியது குடியரசுக் கட்சி அரசுக்குச் சாதகமாக. அதே காலத்தில் நைட் ரிடர் பத்திரிகை நிறுவனத்தின் செய்தியாளர்கள் ஜோனதன் லேண்டேவும் வாரன் ஸ்ட்ரோபெலும் மேல்மட்ட அதிகாரிகளை விட்டுவிட்டு, உண்மையிலேயே உளவுத் தகவல்களைக் கையாளும் நடுமட்டத்து ஆட்களிடம் கேட்டு, அரசின் வாதத்தில் ஓட்டை இருக்கிறது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய ஆதாரங்களுக்கும் பெரும்பாலும் பெயர் இல்லை. ஆனால் விஷயத்தைக் கையால் தொட்டவர்கள்.

ஆக, பெயரில்லாத ஆதாரம் என்றாலே பொய் என்று ஒதுக்கக் கூடாது. வேலை போகும், உயிர் போகும் என்று பயந்து பெயரை மறைப்பவர்கள் இருக்கிறார்கள். ‘தகவலறிந்த வட்டாரங்கள்’ என்று நம் பேப்பர்களில் படித்துப் படித்து அதை ஒரு அலங்காரமாகவே கடந்துபோகப் பழகிவிட்டோம். அடுத்த முறை அந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அந்த ஆள் எந்தத் துறையில், எந்த மட்டத்தில் இருக்கிறார் என்ற அளவாவது சொல்லியிருக்கிறார்களா? கூட்டத்தில் இருந்தவரா, கேள்விப்பட்டவரா? ஏன் பெயர் சொல்லவில்லை என்று காரணம் இருக்கிறதா? அவர் சொன்னது ஒரு தகவலா, இல்லை எதிராளியைப் பற்றிய வசையா? பெயரை மறைத்துக்கொண்டு கருத்து மட்டும் சொல்ல அசோசியேட்டட் பிரஸ் இடம் தருவதில்லை. தகவலுக்கு மட்டுமே, அதுவும் வேறு வழியில் அது கிடைக்காது என்றால் மட்டுமே. நல்ல விதி. குற்றம் சாட்டப்பட்டவரிடம் பதில் கேட்டார்களா, அவருக்கு யோசிக்க நேரம் கொடுத்தார்களா என்பதும் அந்த வரிகளுக்குப் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.

ஆதாரம் சொன்னதற்கு மேல் செய்தியாளர் ஒரு படி ஏறிவிட்டாரா என்பதையும் பார்க்க வேண்டும். பிபிசி வானொலியில் 2003 மே 29 அன்று காலை ஆறு மணி கடந்து ஏழாவது நிமிடத்தில், செய்தியாளர் ஆண்ட்ரூ கில்லிகன் நேரலையில் பேசினார். இராக் 45 நிமிடத்தில் பேரழிவு ஆயுதங்களைப் பயன்படுத்த முடியும் என்று பிரிட்டிஷ் அரசு தன் இராக் அறிக்கையில் சேர்த்திருந்த வாசகம் தவறு என்று அந்த அரசுக்கே அநேகமாகத் தெரிந்திருந்தது என்றார். அந்த வாசகத்தின் மேல் உளவுத்துறைக்குள் அதிருப்தி இருந்தது உண்மை. அது அப்படி இடம்பெற்றிருக்கக் கூடாது என்று இராக் பற்றிய உளவுத் தகவல்களை ஆராய்ந்த பட்லர் குழுவும் அடுத்த ஆண்டு சொன்னது. ஆனால் ‘அரசுக்குத் தெரிந்திருந்தது’ என்பதற்கு அவரிடம் ஆதாரம் இல்லை. அவர் பேசியது ஒரே ஒருவரிடம்; அந்த வாக்கியமும் எழுதி வைக்காமல் நேரலையில் சொன்னது. இந்த விவகாரத்தில் நீதிபதி ஹட்டன் நடத்திய விசாரணை அந்த வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டது. பிபிசியின் தலைவரும் தலைமை இயக்குநரும் பதவி விலக வேண்டி வந்தது.

தவறு எல்லோருக்கும் நேரும். நிறுவனத்தின் தரத்தை எடைபோட, தவறு தெரிந்த பிறகு அது என்ன செய்கிறது என்பதைக் கவனியுங்கள். திருத்தம் எத்தனை நாளில் வந்தது, எந்த இடத்தில் வந்தது, எது தவறு என்று வெளிப்படையாகச் சொன்னதா, இல்லை இணையத்தில் சத்தமில்லாமல் வரியை மாற்றிவிட்டதா? சிபிஎஸ் பன்னிரண்டு நாள் பிடிவாதமாக நின்றது. ஆனால் பிறகு வெளியாட்களை அழைத்து, தன்னைக் கிழித்துப் போட்ட அறிக்கையை முழுவதுமாக வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் இராக் செய்திகளில் தான் போதுமான கடுமை காட்டவில்லை என்று ஒப்புக்கொண்டது 2004 மே 26 அன்று, குழாய்ச் செய்தி வந்து ஏறக்குறைய இருபது மாதம் கழித்து. குழாய்கள் முதல் பக்கத்தில் வந்தன. ஒப்புதல் வந்தது உள்ளே, பத்தாம் பக்கத்தில்.